பாலத்தடி முடக்கில் நின்ற கார்

இலங்கை மலையில், அட்டனுக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், துரைமாருக்கு அடுத்தபடி நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் கார் டிரைவர் பெரியதம்பி. பிறந்தது இங்கேயே தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக் காம்பராவில்தான். சின்ன வயதில் பங்களாக் குதிரைக்குப் புல் வெட்டினார். பிறகு தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டார். அங்கிருந்து, பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரையின் காருக்கு வந்து சேர்ந்தார். காக்கிக் கோட்டும் தொப்பியும் கிடைத்த நாளிலிருந்து 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வந்ததேயில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சொல்வார்களே, அதை அவருக்காகத்தான் சொன்னார்களோ என்று நினைக்கத் தோன்றும்.

அந்தக் கார் ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சின்னத்துரை மலிவாக வாங்கியது. பந்தயத்தில் ஓடிய பழைய கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மழை பெய்தால் இரண்டு பேரும் நனையலாம். கண்ணாடிக்கு முன்னால், எஞ்சினைவிட உயரத்தில் பெற்றோல் தொட்டி இருந்தது. பெற்றோல் தானாகவே கீழே இறங்கி எஞ்சினுக்குப் போகும். பெரியதம்பிக்கு அந்தக் கார் பெற்ற பிள்ளையைவிட மேல். பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டார்.

முப்பத்திரண்டாம் வருஷம் ஆயுத பூசை வந்தது. ஸ்டோர் எஞ்சினுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். காரில் எதையும் பூசக்கூடாது என்று சின்னத்துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவர் அப்போது கொழும்பில் இருந்தார். ஸ்டோர் எஞ்சினுக்கு உள்ள மரியாதை தன் காருக்கு இல்லையா என்று பெரியதம்பிக்குப் பொறுக்கவில்லை. சந்தனத்தை உள்ளங்கை நிறைய அள்ளி, மூடி என்று இருந்த எல்லாவற்றிலும் அப்பிக் குங்குமம் வைத்தார். துரை வருவதற்கு முன் ஈரத் துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கியும் விட்டார்.

அந்த வாரமே கார் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. கொட்டகையிலிருந்து நன்றாகப் புறப்படும். ஒரு மைல் தாண்டி, பாதை வளையும் பாலத்தடி முடக்குக்கு வந்ததும் இருமும், குலுங்கும், நின்றுவிடும். பிறகு ஹேண்டிலைப் போட்டுத் தோள் கழன்றுவிழச் சுற்றினாலும் உயிர் வராது. பெரியதம்பி முதலில் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். மூடிவிட்டு பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். கார் புறப்பட்டுவிடும். "பிளக்குதான்" என்பார். மறுநாள் அதே இடம். மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், வயர்களை இறுக்குவார். புறப்படும். "வயருதான்" என்பார். அட்டன் பசாரிலிருந்து வந்த சிங்கள மெக்கானிக் பாஸ், காபரேட்டரைப் பிரித்து ஊதினார். அவரும் முதலில் தொட்டியைத் திறந்துதான் பார்த்தார். கார் புறப்பட்டது, அவரும் கூலியை வாங்கிக்கொண்டு போனார். முடக்கில் முனி இருக்கிறது என்று ஒரு கங்காணி சொன்னதால் ஒரு தேங்காயும் உடைந்தது. அன்றைக்கும் கார் புறப்பட்டது. முனிக்கும் பேர் கிடைத்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னத்துரையே தனியாக ஓட்டிவரும்போது கார் அங்கே நின்றது. கொட்டும் மழை. அவர் நடந்தே பங்களாவுக்கு வந்து, சொட்டச் சொட்ட வராந்தாவில் நின்று பெரியதம்பியைக் கூப்பிட்டார்.

"என்ன செய்யுறே நீ? கார் ஏன் நிக்குது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை.

"கார்ல ஒரு கொறையும் இல்லீங்க தொரை. பெற்றோல்லதான் யாரோ தண்ணி கலக்குறாங்க."

"கொட்டகை சாவி யாரு கிட்ட?"

"காவக்கார மாயாண்டிகிட்டங்க."

பெற்றோலைத் திருடி விற்றுவிட்டு அளவு குறையாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று துரைக்கு உடனே கணக்குச் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை, ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் மாயாண்டிக்குப் பத்துச்சீட்டு என்றார். தேயிலை விலை விழுந்து, சும்மாவே ஆட்களைக் கழித்துத் தலைமன்னாருக்கு ரயிலேற்றி, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பத்துச்சீட்டு வாங்கியவனுக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை. மாயாண்டிக்கு அந்தக் கரையில் ஒருவரையும் தெரியாது.

பெரியதம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இவ்வளவு தூரம் போகும் என்று அவர் நினைக்கவேயில்லை. ஆனால் சொன்ன சொல்லை விழுங்குவது சோற்றை விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாயாண்டியே கொட்டகைக்கு வந்தான். சண்டை போடவில்லை.

"அண்ணே, தண்ணி இருக்கான்னு எம் முன்னுக்கே பாத்துருங்க."

பெரியதம்பி தொட்டியை முழுக்க இறக்கி, வடிகட்டும் தோலில் ஊற்றினார். பெற்றோல் அதில் இறங்கிவிடும், தண்ணீர் மேலேயே தங்கும். ஒரு சொட்டும் தங்கவில்லை. அவர் காது சிவந்தது. பெற்றோலைத் திரும்பத் தொட்டியில் ஊற்றி மூடினார்.

"ஓட்டிப் பாப்போம், ஏறு" என்றார்.

மாயாண்டி ஆயுசிலேயே காரில் உட்கார்ந்தது அன்றுதான். துரை உட்காரும் இடத்தில் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்துகொண்டான். பாலத்தடி முடக்கில் கார் இருமியது, நின்றது. பெரியதம்பிக்கு இறங்கவே மனமில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார்.

"பெற்றோலு எம்புட்டு இருக்குன்னு நீயே தொறந்து பாரு."

மாயாண்டி இறங்கி மூடியைத் திருகினான். மூடி தளர்ந்ததும் 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது.

"அண்ணே, மூச்சு வாங்குதுண்ணே!"

எத்தனை முறை திறந்த மூடி! அந்தச் சத்தம் பெரியதம்பியின் காதில் ஒருமுறையும் விழுந்ததில்லை. விழுந்திருந்தாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் குதித்து இறங்கி, வேறு எதையும் தொடாமல், மூடி இல்லாமலே ஹேண்டிலைச் சுற்றினார். கார் உடனே பிடித்துக்கொண்டது. மூடியை இறுக்கி ஓட்டினார். அடுத்த மைலில் நின்றது. மூடியைத் தளர்த்தினார். இழுத்தது, புறப்பட்டது.

அதற்கப்புறம்தான் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் ஊசி முனையளவு ஒரு துவாரம். பெற்றோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகவேண்டும். கம்பெனிக்காரன் போட்ட அடையாளம் என்று அதை இத்தனை காலம் நினைத்திருந்தார். துவாரத்தில் மஞ்சளாக எதுவோ காய்ந்து இறுகியிருந்தது. மாயாண்டி குனிந்து மோந்து பார்த்தான்.

"சந்தனமுங்க."

குண்டூசியால் ஒரு குத்து, அதோடு சரியாகிவிடும். கார் நிற்காது, துரைக்கும் எதுவும் தெரியவராது. பெரியதம்பியின் கை சட்டைப் பைக்குப் போனதை மாயாண்டி பார்த்தான்.

"அண்ணே, நீங்க குத்திட்டு வாய மூடிக்கிட்டா காரு நிக்காது. நான் பயந்து திருட்ட நிப்பாட்டிட்டேன்னு ஆயிரும்."

பெரியதம்பி கையை வெளியே எடுத்தார். குத்தவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், எல்லாத் தொழிலாளிகளும் வரிசையாக நிற்கும்போது, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சின்னத்துரை முன்னால் போய் நின்றார்.

"சலாங்க தொரை. டின்பாலுக்கு ஒரு ஓட்டை குத்துனா பால் வராதுங்க, காத்து போக இன்னொண்ணு குத்தணும். இந்த மூடில இருந்த ஓட்டைய அடைச்சது என் சந்தனம். வைக்காதேன்னீங்க, வச்சேன். தண்ணி கலந்தாங்கன்னு சொன்னதும் பொய்யிங்க. மாயாண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

துரை மூடியை வாங்கிப் பார்த்தார். குண்டூசி கேட்டு வாங்கி, தானே குத்தி, ஊதிப் பார்த்தார். மாயாண்டியின் பத்துச்சீட்டைக் கிழித்தார். பிறகு பெரியதம்பியின் தொப்பியைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார். அன்றிலிருந்து அவருக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறிதான். கடைசிவரை லொறிதான் ஓட்டினார். அந்தப் பெரட்டு தன் ஆயுசிலேயே கேவலமான நாள் என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சாயங்காலம் மாயாண்டியின் லயத்துக்குப் போனார். வாசலில் அவன் பெண்சாதி நாகலெட்சுமி, சட்டி பானைகளை ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை கட்டிய மூட்டை. சீட்டுக் கிழிந்த பிறகும் அவளுக்குப் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

"தப்பு எம்மேலதான் தங்கச்சி" என்றார் பெரியதம்பி, வெறுந்தலையோடு.

அவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரு நாலு நாளா நான் கலக்கலைன்னு சொன்னாரு. ஒருத்தரும் கேக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, ஒடனே கேட்டாங்க. இன்னைக்கும் நீங்க சொன்னதுனாலதாண்ணே கேட்டாங்க."

அவள் கீழே உட்கார்ந்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். மேலே இருந்த சோற்றுப் பானையை எடுத்துப் புடைவைத் தலைப்பால் துடைத்தாள்.

"தள்ளி நில்லுங்கண்ணே, ஒலை வைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.