வாயைக் காட்டு, அம்மா

என் அம்மாவுக்கு வரவிருந்த ஒரு பெரிய ஆபத்தைச் சின்னதிலேயே கண்டுபிடிக்க வைத்தது நான்தான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வைத்தியம் சுத்தமாகத் தெரியாது. தமிழ் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

எங்கள் வீடு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் ரமோனில். அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, மில்பிடாஸில் இருந்தாள். நர்ஸ் வேலை. வருஷத்து லீவையெல்லாம் சேர்த்துவைத்து மூன்று வாரம் ஆப்பிரிக்காவுக்கு, மலாவியில் ஒரு கிராமத்துக்குப் போய்வருவாள். அங்கே பெண்களுக்கு வியாதி வருவதற்கு முன்பே டெஸ்ட் பண்ணும் முகாம் ஒன்று நடந்தது. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் கராஜில்தான் பெட்டி கட்டுவாள். கையுறை, பஞ்சு, டார்ச் லைட் எல்லாம் தரையெங்கும் பரப்பிக் கிடக்கும். அட்டைப்பெட்டியும் டேப்பும் கலந்த அந்த வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போதும் யாராவது டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டால் மனசு அந்தக் கராஜுக்கு ஓடிவிடுகிறது.

அந்த வருஷம் நான் குறுக்கே நின்றுகொண்டு, அப்படி என்ன வியாதி என்று கேட்டேன்.

"கர்ப்பப்பை வாய்ல வர்ற கேன்சர்டி. தள்ளு, டேப் எடுக்கணும்" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் 'பை' சொல்லிக்கொடுத்திருந்தார்கள், 'வாய்' சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கர்ப்பம் இன்னும் பாடத்தில் வரவில்லை. பை என்பது சித்தி கட்டிக்கொண்டிருந்த சாமான், வியாதி வாயில். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அம்மா வேறு இதை உறுதிப்படுத்தினாள். போனில் சிநேகிதிகளிடம் சொல்லும்போது அப்பா பக்கத்தில் இருந்தால் வெட்கத்தில் முதல் பாதியை விழுங்கிவிட்டு, "அதான்டி, வாய்ல வருமே, அதுக்கு டெஸ்ட்" என்பாள். வினிகரைத் தடவினால் கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியுமாம், பெரும்பாலும் அன்றைக்கே சரிபண்ணி அனுப்பிவிடுவார்களாம். நான் சமையலறைக்குப் போய் வினிகரை ஊற்றிக் கொப்பளித்து, கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வெள்ளை! தொலைந்தேன் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் என்பது உறைக்கவில்லை. அழுதுகொண்டே பிரஷால் தேய்தேயென்று தேய்த்தேன், வெள்ளை போய்விட்டது. என்னை நானே குணப்படுத்திக்கொண்ட பெருமையில், பல் டாக்டரிடம் வாங்கிச் சேர்த்துவைத்திருந்த புது பிரஷ்கள் அத்தனையையும் சித்தியின் பெட்டிக்குள் சொருகினேன். மலாவிப் பெண்களும் பிழைக்கட்டுமே.

மூன்று வாரம் கழித்துச் சித்தி திரும்பி வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். பிரஷ்களை அங்கே பிள்ளைகள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்களாம். அவ்வளவுதான் சொன்னாள், மற்றபடி பேச்செல்லாம் அந்த ஊர் நர்ஸைப் பற்றித்தான்.

"நான் போய் ஒண்ணும் கிழிக்கலக்கா. எல்லாம் அந்தம்மாதான். வீடு வீடாப் போய்ப் பேசுவாங்க. யாரும் உள்ள வர பயந்தா, முதல்ல நான் பண்ணிக்கறேன்னு அவங்களே போய்ப் படுத்துப்பாங்க. அப்புறம்தான் ஒவ்வொருத்தரா வருவாங்க."

அம்மா உச்சுக்கொட்டி, "பாவம், அங்கெல்லாம் எவ்வளவு கஷ்டம்" என்றாள்.

சித்தி கையை உதறிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "வரிசையில ஒரு லேடி என்னைக் கேட்டாங்க, உன் வீட்டுப் பொம்பளைங்கல்லாம் பண்ணிட்டாங்களான்னு. நான் ஆமான்னு சொல்லிட்டேன். நீ எப்பக்கா பண்ணின?"

"நல்லாத்தானடி இருக்கேன்."

"அதைக் கேட்கல."

"இவ பொறந்தப்ப பாத்ததுதான். இப்ப அதுக்கென்ன அவசரம்?"

எங்கள் வீட்டுக் கார்களுக்கு ஆயில் மாற்ற வேண்டிய தேதி அம்மாவுக்கு மனப்பாடம். அப்பாவின் கொலஸ்ட்ரால், என் தடுப்பூசி, எதுவும் ஒருநாள் பிந்தாது. அப்படிப்பட்டவள் ஒன்பது வருஷமாகத் தன்னை மட்டும் யாரிடமும் காட்டவில்லை. "அந்த லேடிகிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சுட்டியேக்கா" என்று சொல்லிவிட்டுச் சித்தி பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து போனாள். எனக்குப் பகீர் என்றது. வாயைத் திறந்து காட்டுவதற்கு இவ்வளவு அடமா? அதற்குள் வியாதி முற்றிவிட்டால்?

மறுநாளிலிருந்து நான் அம்மாவை விடவில்லை. "ஜஸ்ட் ஓப்பன் யுவர் மௌத், அம்மா!" என்று கார், கடை, கோயில் எங்கும் ஒரே பாட்டு. கோயிலில் ஒரு ஆன்ட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என்னைத் திருத்த அப்பா வாயெடுத்தார், அம்மா கண்ணாலேயே அவரை அடக்கினாள். என் தப்பு அவளுக்குச் சௌகரியமாக இருந்தது போலிருக்கிறது. கடைசியில் நான் ஸ்டிரைக் அறிவித்தேன். அம்மா டெஸ்ட் பண்ணினால்தான் தமிழ்ப் பள்ளிக்கு வருவேன். அம்மாவோ அங்கே ஆசிரியை. இரண்டு ஞாயிறு காரின் பின்சீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். மானம் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது வாரம் அம்மா போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள்.

டெஸ்டில் ஏதோ தெரிந்தது. இன்னும் சில டெஸ்ட் எடுத்தார்கள், வீட்டில் பேச்சுக் குறைந்தது, சித்தி மில்பிடாஸிலிருந்து வேலை முடிந்து அடிக்கடி வந்தாள். இப்படியே இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் கேன்சராக மாறியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் காலேஜ் போன பிறகுதான் சித்தி சொன்னாள். அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, "சின்னப் புள்ளி கண்ணு, வியாழக்கிழமை எடுத்துடுவாங்க" என்பதுதான்.

வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வந்தபோது அம்மா வீட்டிலேயே இருந்தாள். அப்பா லீவு போட்டிருந்தார். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவர்களுக்கு எதுவும் தெரியாது. அம்மா பசிக்கிறது என்றாள். அப்பா ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார், பக்கத்தில் காரமான எலுமிச்சை ஊறுகாய். அம்மா அதை நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! வாயில் ஆபரேஷன் பண்ணினவள் ஊறுகாய் சாப்பிட முடியுமா? எனக்குப் பல் பிடுங்கினபோது இரண்டு நாள் ஐஸ்கிரீம்தான் கொடுத்தார்கள். இவள் போகவே இல்லை, என்னை ஏமாற்றிவிட்டாள்.

"யூ ஆர் லையிங்! நீ போகவே இல்ல!" என்று கத்தினேன். அம்மா வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள். நான் அப்பாவின் போனைப் பிடுங்கி லைட் போட்டு, "ஓப்பன்!" என்றேன்.

இத்தனை நாள் மறுத்தவள் அன்றைக்கு வாயை ஆவென்று திறந்தாள். ஒரு பல் விடாமல் பார்த்தேன். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன், கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். தையல் இல்லை, காயம் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை.

"சீ? ஒண்ணுமே இல்ல!" என்று அப்பாவிடம் திரும்பித் தீர்ப்புச் சொன்னேன்.

அப்பா என் தலையில் கை வைத்து, "ஒண்ணும் இல்லையா? நல்லாப் பாத்தியா கண்ணு?" என்று கேட்டார். நல்லாப் பார்த்தேன் என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். திறந்த வாயை மூடாமலே அம்மா அழுதாள், அப்பாவும் அழுதார்.

பொய் மாட்டிக்கொண்டதால்தான் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்து, போனால் போகிறது என்று அவர்களை மன்னித்துவிட்டு விளையாடப் போனேன்.