பேனாட்டின் வரி ஆலோசனை

இத்தாலியின் பலெர்மோவில் எந்தப் பத்திரம் என்றாலும் பேனாட்டிடம்தான் கேட்க வேண்டும். இப்படி ஊர் சொல்லவில்லை, பேனாட்டே சொல்லிக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாக மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்கிற மன்னார்க்காரர், ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நிதி மந்திரியாகிவிடுவார்.

வீட்டு வேலை செய்பவர்களின் சம்பளத்தில் முதலாளி வரி பிடிப்பதில்லை. வருடா வருடம் அவர்களே போய் வருமானத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பங்குனியில் யூடியூப்பில் ஒரு தம்பி தமிழில் விளக்கினான்: விலைவாசி ஏற ஏற வரியில்லாத எல்லையும் ஏறும், அதற்குக் கீழே உழைப்பவர் எழுதத் தேவையில்லை. ஆஹா! தம்பி டொலரில் சொன்னதை யூரோவுக்கு மாற்றிப் பார்த்தார் பேனாட். அவருடைய சம்பளம் எவ்வளவோ கீழே நின்றது. ஏன் டொலர் என்று மூளை ஒருக்கால் கேட்டதுதான். உலகத் தமிழருக்குப் பொதுவாகச் சொல்கிறான் என்று அதன் வாயை அடைத்துவிட்டார்.

"ஒருத்தரும் எழுதத் தேவையில்லை, எல்லையை ஏத்திப்போட்டாங்கள்!" என்றார் வாசலில்.

"உண்மையோ அண்ணை?" என்றாள் எமிலியானா. இரண்டு வீடுகளில் வேலை செய்பவள். அவளும் பேனாட்டைப் போலவே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தாள். அதற்குக் கடைசி மூன்று வருட வருமானமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

"ஓம் பிள்ளை, நான் சொல்லுறன்."

புரட்டாதிக் கடைசியில், விண்ணப்பத்துக்கு ஆயத்தமாக, வரி எழுதும் கந்தோருக்குப் போனார். "இந்த வருடம் எழுதவில்லையே?" என்றாள் அங்கிருந்த பெண். பேனாட் பெருமையாகக் கைபேசியை நீட்டினார். தம்பியின் படத்தில் டொலர்க் குறிகளைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இது அமெரிக்கா, சிஞ்ஞோர். இங்கே எல்லை அப்படியேதான் இருக்கிறது. ஏறியது உங்கள் சம்பளம் மட்டும்." தவணை முடிய நான்கு நாள். அவளிடம் ஒரு நேரமும் காலி இல்லை.

தெருவில் நின்று படத்தை முதலிலிருந்து போட்டார். வழமையாகத் தள்ளிவிடும் முதல் நிமிடத்தில் தம்பி, "நியூ ஜேர்சி வாழ் உறவுகளே" என்று கும்பிட்டான். அட விசரா, என்று பேனாட் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். தன் பாடு போகட்டும். அந்தப் பெட்டைக்கு என்ன பதில் சொல்வது?

வுச்சீரியாச் சந்தைப் பக்கம் எமிலியானாவின் மாடி வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறினார்.

"பிள்ளை, நான் சொன்னது அமெரிக்கச் சட்டமாம். உன்ரை குடியுரிமையை நாசமாக்கிப்போட்டன். என்னை அடிச்சாலும் பரவாயில்லை."

"நான் வைகாசியிலையே எழுதிட்டன், அண்ணை. முதல் இருங்கோ."

"அண்டைக்கு உன்னோடை நிண்ட விமலராணி?"

"அவவும்தான். நீங்கள் வாசலிலை சொன்ன கிழமையே எல்லாரும் போய் விசாரிச்சவை."

அப்பாடா என்று கதிரையில் விழுந்தார். பிறகுதான் சுட்டது.

"அப்ப, என்னை ஒருத்தரும் நம்பேல்லையோ?"

"நீங்கள் நம்பினனீங்கள்தானே."

சிரிக்காமல் தேத்தண்ணியை வைத்தாள். பக்கத்தில் ஒரு காகிதத் துண்டையும் வைத்தாள். வேறொரு கந்தோர், நாளை காலை ஒன்பது மணி, பேனாட் என்று பெயர்.

"நீங்கள் எழுதியிருக்க மாட்டியள் எண்டு தெரியும். போன மாசமே எடுத்து வைச்சனான். சொன்னால் கோவிப்பியள் எண்டு இண்டுவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன்."

பேனாட்டுக்குக் கண் கலங்கியது. நேற்றுச் சொல்லியிருந்தால் கோவித்துத்தான் இருப்பார்.