கண்மையால் ஒரு வெட்டு

பதினோராவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் ஞானசுந்தரம் பின்படியை விட்டு உள்ளே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்ஸில் கிளீனர். யாருக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். சட்டைப் பையில் இருக்கிற எலுமிச்சம்பழம் அவர்கள் கைக்குப் போய்விடும். ஒருநாள், பழம் போய்ச் சேருவதற்குள் ஒரு புதுப்பெண் பட்டுச்சேலையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். புகுந்த வீட்டார் முன்சீட்டில். அவர்கள் திரும்புவதற்குள் இவன் தண்ணீர்க் கேனை அவள் மடியில் சாய்த்துவிட்டான். "அய்யோ, கை வழுக்கிருச்சுங்க!" இறங்குகிற வரைக்கும் மாமியார் அவனைத் திட்டித் தீர்த்தாள். பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டே வளைவுக்கு ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டு வருவான். பாட்டென்றும் சொல்ல முடியாது, பேச்சென்றும் சொல்ல முடியாது. "மூணாம் வளைவு முந்தானை புடி, நாலாம் வளைவு நாக்கக் கடி." இருபது வளைவுக்கும் இப்படியே, மூச்சு விடாமல். காலேஜுப் பிள்ளைகள் அதை 'ராப்' என்றார்கள். "என்னமோ போங்க, தூங்கிரக் கூடாதுன்னு பேசறேன்" என்பான். கோடை விழா மேடையில் இதைக் கேட்ட சேலத்துக் கேசட் கம்பெனி முதலாளி ராமசாமி, 'இருபது வளைவு' என்று கேசட்டே போட்டார். மலை ஏறுகிற வண்டிகளில் எல்லாம் அதுதான் ஓடியது.

தொண்ணூற்றாறில் இரண்டாவது கேசட். "சிரிப்புப் பாட்டு ஒரு தடவைதான் விக்கும். இனிமே நீ ரவுடி" என்று சொல்லிவிட்டார் முதலாளி. கிளீனர் வேலையை விடச் சொன்னார். பெயர் 'கத்தி சுந்தர்' ஆனது. இடது கன்னத்தில் காதிலிருந்து வாய் வரைக்கும் கண்மையும் குங்குமமும் குழைத்து ஒரு வெட்டு வரைந்து, அட்டைக்குப் படம் எடுத்தார்கள். வெளியே தலை காட்டும்போதெல்லாம் அந்த வெட்டு இருக்க வேண்டும், வரைந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது, சிரிக்கவே கூடாது என்பது உத்தரவு.

ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற என் தையல் கடையில்தான் பெரிய கண்ணாடி உண்டு. தினமும் காலையில் வந்து வரைந்துகொள்வான். முப்பத்தாறு வயதுக்காரன், கேசட் வந்த மூன்று மாதத்தில் ஐம்பது போல ஆகிவிட்டான்.

"மொறைச்சு மொறைச்சு கண்ணே வலிக்குதுங்கக்கா."

"இங்க யாரு பாக்கறா? சித்த சிரியேன்."

"சிரிச்சா மை வெடிச்சுப் போகுதுங்க."

எதிரே கேசட் கடை வைத்திருக்கும் பக்கீர் முகமதுவுக்கு இவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "ஏப்பா கத்தி, நேத்து ரோட்டுல கெடந்த பூனைக்குட்டியத் தூக்கி ஓரமா உட்டது நீதானே?"

"பாயி, மெதுவாப் பேசுங்க. பேரு கெட்டுரும்."

கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் மரியபுஷ்பம் அந்தக் கடையில்தான் கேசட் அட்டையைப் பார்த்தாள். "அய்யோ சாமி! இந்தப் புள்ளைய எந்தப் பாவி இப்படி வெட்டுனான்?" அழுதுகொண்டே போய் மாதா கோயில் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஞானசுந்தரத்தின் காயம் ஆற வேண்டும் என்று ஒரு மன்றாட்டு. முட்டி போட்டு அழுத முதல் ஆள் மரியபுஷ்பம். அவன் கடைசி வரிசையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான். மையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நானும் எல்லோரோடும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து மரியபுஷ்பம் ரவிக்கைத் துணியோடு என் கடைக்கு வந்தாள். நல்ல குளிர். டீ வாங்கி நீட்டினேன். டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"வேண்டாங்கம்மா. அந்தத் தம்பிக்குக் காயம் ஆறுற வரைக்கும் டீ தொடறதில்லைன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன்."

பனியில் நாளெல்லாம் நின்று பழம் பறிப்பவளுக்கு டீதான் பாதிச் சாப்பாடு. ஞானசுந்தரம் அப்போது கண்ணாடி முன்னால்தான் நின்றிருந்தான். அவள் பார்த்துவிட்டு அருகில் போனாள்.

"நொம்ப வலிக்குதா கண்ணு?"

அவள் விரல் கன்னத்துக்கு வந்தது. மை ஒட்டிவிடுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இல்லைங்கத்தை" என்றான்.

அவள் போனதும், "உண்மையைச் சொல்லிரு தம்பி" என்றேன்.

"அத்தனை பேரு முன்னால அழுதாங்களுங்க. இது மைதான்னு சொன்னா, அப்புறம் எப்படிக் கோயில் படி ஏறுவாங்க?"

மறுநாள் சேலத்தில் கச்சேரி. அது நன்றாக நடந்தால் ஈரோடு, கோயமுத்தூர் என்று ஊர் ஊராக மேடை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவனைக் கூட்டிப்போக முதலாளியே வேனில் வந்தார். அதற்குள் இவன் என் கடை வாளியில் முகத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தான்.

"வெட்டு எங்கடா?"

"ஆறிருச்சுங்க."

"வெளையாடறியா? ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. வரைஞ்சுட்டு ஏறு."

"ஆறிருச்சுங்க. இனி வராதுங்க."

முறைக்காமல்தான் சொன்னான். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு முதலாளி தனியாகக் கிளம்பிப் போனார். பிறகு கூப்பிடவே இல்லை. பஸ்ஸுக்கும் முன்பே வேறு கிளீனர் வந்துவிட்டான். பக்கீர் கடையில் இப்போதும் 'இருபது வளைவு' கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

மூன்றாம் நாளே, திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்து நின்றான். வெறும் கன்னம், மழித்த முகம். கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பின்படியில் கால் வைக்கப் போனவன், முன்படிக்குப் போய்ப் பயணிகளோடு ஏறினான். சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, காயம் ஆறிருச்சுன்னு மரியபுஷ்பத்து அத்தைகிட்டச் சொல்லிருங்க. டீ குடிக்கச் சொல்லுங்க."