டிவிக்குப் போட்ட பனியன் துணி

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். டிவி ஒன்றே ஒன்றுதான், வீட்டுக்காரம்மா வீட்டில். கறுப்பு வெள்ளை. எண்பதுகளின் கடைசியாக இருக்கும், என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான். நானும் போவேன். ஆனால் உள்ளே போய் உட்கார மாட்டேன், நிலையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே நிற்பேன். வீட்டுக்காரம்மா வாரா வாரம் உள்ளே கூப்பிடுவார். இருக்கட்டுங்கக்கா என்பேன். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார எனக்குக் கூச்சம்.

வாசல்படிக்கும் டிவிக்கும் பன்னிரண்டு அடியாவது இருக்கும். அங்கிருந்தே எனக்குப் புடவையின் கரை வரைக்கும் தெரியும். என் மகளோ டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பாள். மறைக்கிறது என்று மற்ற பிள்ளைகள் பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுக்கும். கொஞ்சம் பின்னால் நகருவாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் தவழ்ந்து தவழ்ந்து பழைய இடத்துக்கே போயிருப்பாள்.

டிவி கண்ணைக் கெடுத்துவிடும் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பயம். ஏனென்றால் என் பிழைப்பே கண்ணை வைத்துத்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப் லைட் எரியும். பனியனை அதன்மேல் விரித்து ஓட்டை, கறை, நூல் அறுந்த இடம் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். கண் கூசினால் மேசைமேல் மெல்லிய பனியன் துணி ஒன்றை விரித்துக்கொள்வோம். வெளிச்சம் அடங்கிவிடும்.

டிவியும் உள்ளே லைட் எரிகிற கண்ணாடிதானே என்று நினைத்தேன். கம்பெனியில் கழித்துப் போட்ட துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, வீட்டுக்காரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் பனியன் போட்டு உட்டாச்சு, டிவி ஒண்ணுதான் பாக்கி. போடு புள்ள."

போட்டேன். படம் மாவுக்குள் நடப்பது மாதிரி இருந்தது. பிள்ளைகள் கத்தின. என் மகள் எழுந்து போய்த் துணியில் மூக்கு ஒட்ட நின்றுகொண்டாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரம்மா துணியை உருவி என் கையில் கொடுத்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மகளை வீட்டுக்கு இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தேன். இனி டிவி பக்கமே போகக் கூடாது என்றேன்.

அவள் போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கண் தெளிகிறதா என்று நான் தினமும் கவனித்துக்கொண்டே இருந்தேன். தெளிந்ததாகத் தெரியவில்லை. வேறு ஒன்றுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைப் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க விளையாடுவார்கள். ஒருத்தி போலீஸ், ஒருத்தி திருடி, ஒருத்தி ஜட்ஜ். அது எனக்கு அதுவரை தெரியாது. என் மகள் போய் நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது என் காதில் விழுந்தது.

"நீ படம் பாக்கலயில்ல. மரமா நில்லு."

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மரமாக நின்றாள். மூன்று வாரம் மரம்தான். ஒரு நாள் சோறு தின்னும்போது கேட்டாள்.

"ஏம்மா, மரத்துக்குப் பேச்சே கெடையாதா?"

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். கண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையைத் தனியாக்கிவிட்டேனோ என்று இருந்தது. விட்டால் கண் போய்விடுமோ என்றும் இருந்தது.

அப்போது பிசிறு வெட்டுவதற்குப் பனியன்களை வீட்டுக்கும் எடுத்து வருவேன். ஒரு ஞாயிறு காலையில் வெட்டிக்கொண்டிருந்தேன். சுவர் ஓரம் கிடந்த பனியன்களில் ஒன்றில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஓட்டை உள்ளதை எடுத்து வா கண்ணு என்றேன். அவள் போய் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். டிவி பார்க்கிற அதே மாதிரி.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். பனியனில் எந்த லைட் எரிகிறது?

அந்தப் பனியனைக் கொடியில் மாட்டிப் பத்தடி தள்ளி அவளை நிறுத்தினேன். ஓட்டை எங்கே என்று கேட்டேன். எந்த ஓட்டை என்றாள். ஓரடி, இன்னும் ஓரடி என்று முன்னால் நடக்கச் சொன்னேன். கை எட்டும் தூரம் வந்த பிறகுதான் விரலை நீட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தினேன். அவள் வாயில் இருந்த முறுக்கைக்கூட விழுங்காமல், "ஒண்ணில்லீங்க, ரெண்டு இருக்குது" என்றாள். எனக்கே தெரியாத இரண்டாவது ஓட்டையும் அங்கே இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். டாக்டரிடம் போனால் கண்ணாடி போடச் சொல்வார்கள், பொட்டைப்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்றார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. ஆனாலும் அன்றைக்கு வாய் வந்துவிட்டது.

"நாளைக்கு வர்றவன் மூஞ்சி இவளுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

திங்கட்கிழமை அவரே லீவு போட்டுவிட்டு எங்கள் கூட டாக்டரிடம் வந்தார்.

கண் டாக்டர் அம்மா எழுத்துகளைக் காட்டிக் கேட்டார். மேல் வரி ஒன்றைத் தவிர எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. டிவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்துத்தான் இப்படி ஆனதா என்று மெல்லக் கேட்டேன். அவர், எப்போதிருந்து இப்படிக் கிட்டப் போய்ப் பார்க்கிறாள் என்று கேட்டார். யோசித்தேன். லைன் வீட்டுக்கு டிவி வருவதற்கு முன்பே, சுவரில் மாட்டிய காலண்டர் படத்தைப் பார்க்க அரிசி டின்மேல் ஏறி நிற்பாள். அதைச் சொன்னேன்.

"அப்ப டிவி கெடுக்கலீங்க. தெரியாததுனாலதான் கிட்டப் போயிருக்கறா" என்றார். அதற்காகச் சாயங்காலம் முழுக்க அதன் முன்னால் உட்கார வைக்காதீர்கள், வெளியே வெயிலில் ஓடட்டும் என்றும் சொன்னார்.

முதுகில் வைத்த அடி நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். கூசுதும்மா என்று நெளிந்தாள்.

டிவியைப் பற்றி நான் நினைத்தது தப்பு என்று அத்தோடு முடிந்துவிடவில்லை. கண்ணை அது ஒன்றும் செய்யவில்லை, சரி. ஆனால் அதைப் பார்த்தவர்கள் போலீஸாகவும் பார்க்காதவள் மரமாகவும் ஆனது எதனால்? டிவி வருவதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் எதை விளையாடினார்கள் என்று யோசித்தேன். என் வாசலில்தான் விளையாடியிருப்பார்கள், ஆனால் நான் கவனித்ததே இல்லை. ஞாயிறு படத்துக்கு அவளை மறுபடி அனுப்பினேன். மற்ற நாளில் சாயங்காலம் வெளியே.

கண்ணாடி வந்தது. மூக்கில் நிற்காமல் வழுக்கியது. கம்பெனியில் கீழே கிடந்த எலாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, பின்னால் இழுத்துக் கட்டிவிட்டேன். முதல் நாள் அதோடு வெளியே போனாள். பக்கத்து வீட்டுப் பெண் சும்மா இருப்பாளா?

"ஏ, இங்க பாருங்கடி, இவ மூஞ்சிக்கு ஜட்டி போட்டிருக்கறா."

எல்லாம் சிரித்தன. என் மகள் அழப் போகிறாள் என்று நான் கதவருகே எழுந்து நின்றேன். அவள் அழவில்லை. இரு உன்னைப் பிடிக்கிறேன் என்று துரத்தினாள். அந்தப் பெண் இருபதடி தள்ளித் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஓடி, காயப்போட்டிருந்த போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். போர்வைக்குக் கீழே கால் விரல் மட்டும்தான் தெரிந்தது.

என் மகள் நின்ற இடத்திலிருந்தே ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு நேராகப் போர்வையைப் பார்த்து ஓடினாள்.