ஒரே வண்டி, இரண்டு சம்பளம்

தரை ஓடுகள் வந்து இறங்கும் அந்தக் கிடங்கில் அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடிப்பாள். ஆளே இல்லாத மூலையிலும் அடிப்பாள். கேட்டால், "எலிக்கு மட்டும் உயிர் இல்லையா?" என்பாள்.

இன்னொரு ஓட்டுநர் இடம் காலியானபோது தன் தம்பியைச் சேர்த்துவிட்டாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பழகும்போதே அவன் வண்டியைப் பின்னால் எடுத்து மேலாளரின் ஸ்கூட்டரை நசுக்கிவிட்டான். அதற்கான திட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். புதிய வாஷிங் மெஷின் பளபளவென்று நின்றது.

"தவணையாடா?"

"இல்லக்கா, மொத்தமா குடுத்து வாங்கினேன்" என்று பெருமையாகச் சொன்னவன், பேச்சுவாக்கில் தன் சம்பளத்தையும் சொன்னான். அவள் கை தட்டிலேயே நின்றது. அவள் வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு!

"உனக்கும் இதேதான்னு நெனச்சேன்க்கா" என்றான் தம்பி. அவன் முகம் செத்துவிட்டது.

தம்பி நன்றாக இருக்கிறான் என்ற சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கக்கூடக் கிடங்குக்காரர்கள் விடவில்லையே என்றுதான் அவளுக்குக் கோபம்.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போனாள்.

"அவர் ஆம்பளைம்மா. பாரம் தூக்குற வேலை" என்றார் அவர்.

"தூக்குறது வண்டி சார். அவனும் தூக்கல, நானும் தூக்கல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவருக்குக் குடும்பம் இருக்குல்ல?"

"எனக்கு மட்டும் என்ன, நான் மரத்துலயா குடியிருக்கேன்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் அவளை வண்டியிலிருந்து இறக்கி, பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் உட்காரவைத்தார்கள். அவள் அசரவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனாலும் மூலை திரும்பும்போது வாயாலேயே "பாம் பாம்" என்பாள். கிடங்கு முழுக்கச் சிரிக்கும். ஆனால் வீட்டுக்குப் போனால் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

விசாரணைக்கு அதிகாரி வரும் நாள் நெருங்க நெருங்கத் தம்பி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டான். "என் சம்பளத்தைக் குறைச்சு ரெண்டையும் சமமாக்கிட்டா?" என்று மனைவியிடம் புலம்பினான்.

அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "உங்க அக்கா இல்லன்னா நீங்க இன்னும் சோபாவுல படுத்துக் கால் ஆட்டிட்டு இருப்பீங்க. போய் உள்ளதைச் சொல்லுங்க. சொல்லாம வந்தா உங்க துணியை நீங்களே கையால துவைச்சுக்கணும்!"

அதிகாரி ஒரு பெண்மணி. அதிகம் பேசவில்லை. ஓட்டுநர்களுக்கு என்னென்ன வேலை என்று கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"உங்க வேலைக்கும் அவங்க வேலைக்கும் என்ன வித்தியாசம்?"

தம்பி ஸ்டிக்கர் மேசைப் பக்கம் பார்த்தான். "ஒண்ணும் இல்ல மேடம். அக்காதான் எனக்கே கத்துக்குடுத்துச்சு. வித்தியாசம்னா... நான் ஸ்கூட்டர் மேல ஏத்தியிருக்கேன், அது ஏத்தினதில்ல."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மேலாளரிடம் கறாராகச் சொன்னார்: ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். சமமாக்குவதற்காக யாருடைய சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. புகார் கொடுத்தவரை வேறு வேலைக்குத் தள்ளியதும் தவறு.

அவள் வண்டிக்குத் திரும்பினாள். இதுவரை குறைத்துக் கொடுத்த சம்பளத்தின் நிலுவையும் வந்தது. மாலை ஷிப்ட்டில் வண்டி ஓட்டும் இன்னொரு பெண்ணுக்கும் சம்பளம் உயர்ந்தது. அவள் ஓடி வந்து ஹாரன் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள்.

அதிகாரி சொன்னபடி கிடங்கில் ஒரு புகார்க் குழுவும் அமைத்தார்கள். தொழிலாளர்கள் சார்பில் ஹாரன் அக்காவையே உட்காரவைத்தார்கள். முதல் ஆளாக வந்து நின்றவன் தம்பி.

"லேடீஸ் ஓய்வறையில ஃபேன் இருக்கு. எங்களுக்கு இல்லக்கா. இதுவும் பாகுபாடுதானே?"

அவள் புகார்ப் புத்தகத்தைத் திறந்தாள்.

"ஆமாண்டா, நியாயந்தான்" என்று பேனாவை எடுத்தாள். "ஆனா இங்க அக்கான்னு கூப்பிடாத. மேடம்னு சொல்லு."