விழுந்தவர்களுக்கான தொலைபேசி

மலைச்சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிற வேலையில் வருகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, முதலில் காலின் நீளத்தைப் பார்க்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த உங்கள் எல்லாருக்கும் இப்படி ஏதாவதொரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். பல் டொக்டரிடம் வேலை செய்த என் சிநேகிதி கல்யாண வீட்டிலும் ஆட்களின் வாயைத்தான் பார்ப்பாள்.

நான் நின்றது ரண்டர்ஸ் நகரத்துக்கு வெளியே, பீச் மரக் காட்டின் வாசலில் இருந்த ஒரு மரக்கொட்டிலில். பதினொரு வருசம். சைக்கிளைக் கொடுப்பது, ஹெல்மெட் பூட்டிவிடுவது, திரும்பி வந்த சைக்கிளின் சேற்றைக் கழுவுவது. புவியியலில் பட்டம் வாங்கிய நான் டென்மார்க்கின் மண்ணை இப்படித்தான் படித்தேன். முதலாளி பெண்ட் என் வயதுக்காரர். முன்பு தபால்காரராக இருந்தவர். பேச்சிலும் முத்திரைக்குக் காசு போகிறது என்பதுபோல அளந்துதான் கதைப்பார்.

மலை எங்கே?

ஒருநாள் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். நீண்ட கால்கள், முழங்காலில் பழைய தழும்புகள். எங்கள் பலகையில் 'மலைச்சைக்கிள் பாதைகள்' என்று இருந்ததை வாசித்துவிட்டு வெளியே போய் நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, மலை எங்கே என்று கேட்டாள். பெண்ட் கொட்டிலின் பின்பக்கத்து மேட்டைக் காட்டினார். அவளுடைய ஊரில் அதில் மாடு கட்டுவார்களாம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு பாதைகள். கறுப்புத்தான் கடினமானது. அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு மணித்தியாலம் கழித்து முடியிலும் சேறு வடிய வந்து வாசற்படியில் இருந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அதை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "எங்கட ஊரில ஏறினால் ஒருக்காத்தான் இறங்கவேணும். இங்க நாற்பது தரம் இறங்கிப்போட்டன், இன்னும் ஒரு இடத்திலயும் ஏறி முடியேல்லை."

கரியர் இல்லாத சைக்கிள்

இலங்கையில் போர் உச்சத்துக்குப் போவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில், ரண்டர்ஸில் எங்களுக்குத் தெரிந்த ராசன் அண்ணையும் மனைவி பவளக்காவும் வந்தார்கள். அண்ணை மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கரியர் இல்லை, பெல் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, மட்கார்ட்டும் இல்லை. "பிள்ளை, இது முழுசாப் பூட்டி முடிச்ச சைக்கிள்தானோ?" என்றார்.

ஒரு சைக்கிளில் ஒருவர்தான் போகலாம் என்பது எங்கள் சட்டம். இரண்டு சைக்கிள் எழுதிவிட்டு நான் ஹெல்மெட் எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மற்றதில் அண்ணை பவளக்காவை முன் பாரில் ஏற்றிக்கொண்டு பச்சைப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறார். சேலையைத் தூக்கிச் செருகியபடி, தலையில் ஒன்றுமில்லாமல். எங்கள் ஊரில் 'டபிள்ஸ்' போகாத சோடி உண்டோ? நல்லவேளையாகப் பெண்ட் சாப்பிடப் போயிருந்தார்.

முக்கால் மணித்தியாலத்தில் வந்துசேர்ந்தார்கள். அண்ணைக்கு மூச்சு வாங்கியது. பவளக்கா சேலையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிக்கொண்டே கிட்ட வந்து மெல்லச் சொன்னா: "இவர் என்னைப் பாரில ஏத்தி முப்பது வருசம். உங்கட சட்டத்தை அவருக்குச் சொல்லிப்போடாதை."

பெண்டின் கேள்வி

கொட்டில் இருந்தது பள்ளத்தில். கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் வராது. சுவரில் ஒரு பழைய தொலைபேசி மட்டும் இருந்தது. அதன் இலக்கத்தைப் பாதையோரத் தூண்களில் எல்லாம் எழுதியிருந்தோம். காட்டில் யாராவது விழுந்தால் மேட்டில் நின்று அந்த இலக்கத்துக்கு எடுத்துக் கூப்பிடுவார்கள். வேறு எதற்கும் அந்த லைனைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது.

என் ஒரே தம்பி ரவி வன்னியில் இருந்தான். தை மாதத்தில் ஒருதரம் எடுத்தவன், மனைவி சாந்தியோடும் மகளோடும் வேறு இடத்துக்கு நகர்வதாகச் சொன்னான். அதன் பிறகு சத்தமில்லை. அங்கே யாருடையதாவது ஃபோன் கையில் கிடைப்பது பின்னேரங்களில்தான் என்றார்கள். அங்கே பின்னேரம் என்றால் எனக்கு வேலை நேரம். வவுனியாவில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் மூலம் கொட்டிலின் இலக்கத்தை அவனுக்கு அனுப்பலாமா என்று பெண்டிடம் கேட்டேன். கேட்கும்போதே, அது விழுந்தவர்களுக்கான லைன் என்று எனக்குத் தெரியும், வேண்டாமென்றால் பரவாயில்லை என்றும் சொன்னேன்.

அவர் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "உன்ர தம்பி பின்ன என்ன, நிண்டுகொண்டோ இருக்கிறான்?"

ஹன்னவின் தோள்

மாசி, பங்குனி போனது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்தால், நீலப் பாதையில் கணுக்கால் பிரண்ட ஒருவர் வேதனையோடு கதைப்பார். தம்பி இல்லையே என்று எனக்கு அவர்மேல் கோபம் வரும். அடுத்த நிமிசம் அந்தக் கோபத்துக்காக வெட்கம் வரும். யாரிடமும் சொல்லவில்லை. பெண்ட் கவனித்திருக்கிறார்.

சித்திரையில், காடெல்லாம் வெள்ளைப் பூ நிலத்தை மூடியிருந்த ஒரு நாள், ஹன்ன நடந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கிறவள், வாராவாரம் வருகிறவள். இடக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வலக் கை ஜக்கெட்டுக்குள் கிடந்தது. முகம் சுண்ணாம்பாய் இருந்தது. கறுப்புப் பாதையின் கடைசியில் விழுந்து தோள் எலும்பு முறிந்திருக்கிறது. மூன்று கிலோமீற்றர் நடந்து வந்திருக்கிறாள். பையில் தொலைபேசி இருந்திருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவளை ஏசினேன்.

பெண்ட் வழமையாக வருகிறவர்களுக்கு என் தம்பியைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மாதமாக ஆட்கள் விழுந்தும் எடுக்காமல் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அடுத்த நாள் அவர் வாசலில் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டியதாய்ப் போயிற்று: 'விழுந்தவர்கள் தயவுசெய்து ஃபோன் எடுக்கவும்.'

அம்புலன்ஸில் ஏறும்போதும் ஹன்ன எனக்குச் சமாதானம்தான் சொன்னாள்: "உன்ர தம்பி எடுக்கிற நேரமாயிருக்குமோ எண்டு நினைச்சன். என்ர எலும்பு எங்கயும் ஓடாதுதானே."

ஹெல்மெட்டின் வார்

மே மாதம். பீச் இலைகள் விரிந்து காடு முழுக்கப் பச்சை வெளிச்சம். போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன மறுநாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்திருக்கலாம், பெண்டும் இரு என்றுதான் சொன்னார். ஆனால் அந்தத் தொலைபேசி வேலையிடத்தில் அல்லவா இருந்தது.

ஒரு பெரியவர் வந்தார். எழுபது தாண்டியிருக்கும், பச்சைப் பாதைக்குத்தான் எப்போதும் போவார். அவருக்கு ஹெல்மெட் பூட்டிவிட்டேன். மனிதர் மனமார மகிழ்ந்து, உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே, இனி நிம்மதிதானே என்று கேட்டார். அவர்மேல் ஒரு பிழையுமில்லை. சின்ன வயதில் தன் நாட்டில் உலகப் போர் முடிந்த அன்று யன்னல்களில் மெழுகுதிரி ஏற்றியவர் அவர். ஓம் என்றேன். வாரின் கொளுக்கி ஓட்டைக்குள் போகவில்லை. இரண்டாம் தரமும் போகவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"விடு, நான் பூட்டுறன்," என்றார். "எனக்கு இண்டைக்கு ஒரு அவசரமும் இல்லை."

மூன்று கேள்விகள்

அந்தத் தொலைபேசியை எடுத்தால் வணக்கம் சொல்லக்கூடாது. நேரே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எங்கே நிற்கிறாய், எந்தத் தூண்? கை கால் அசைக்க முடிகிறதா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பயந்து போனவர்கள் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பார் பெண்ட்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். மழை. சைக்கிள் கழுவிய ஈரக்கையோடு ஓடிப்போய் எடுத்தேன். மூன்றையும் டெனிஷில் கேட்டேன். அந்தப் பக்கம் இரைச்சல். பெண்ட் முதலுதவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தத் தூண் என்று சைகையால் கேட்டார்.

"அக்கா," என்றது குரல்.

எனக்கு அழுகை வரவில்லை. வாய் தன்பாட்டில் அதே மூன்றைத் தமிழில் கேட்டது. "எங்கை நிக்கிறாய்? கை கால் அசைக்க ஏலுமோ? பக்கத்தில ஆர் இருக்கினம்?"

அவனும் வரிசையாகப் பதில் சொன்னான். "முகாமில நிக்கிறன். இடக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, மற்றதெல்லாம் அசையுது. பக்கத்தில சாந்தியும் மகளும் நிக்கினம்." பிறகு, "என்னக்கா, பொலிஸ்காரர் மாதிரி விசாரிக்கிறியள்?" என்றான். அது ரவிதான். அந்தக் குறும்பு வேறு யாருக்கும் வராது. நான் சிரித்துவிட்டேன். சாந்தியிடம் கொடு என்று சொல்ல முன்னம் லைன் அறுந்துவிட்டது.

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். தம்பி என்றேன். ஒரு கால் இல்லை என்றேன். பெண்ட் பையைக் கீழே வைத்தார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. ரிசீவரை என் கையிலிருந்து எடுத்து, அவன் திரும்ப எடுத்தால் லைன் இருக்க வேண்டுமென்று சரியாகக் கொளுவி வைத்தார். பிறகு, காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு முறையும் ஆளோடு வரும்போது சொல்லுகிற அதே குரலில் சொன்னார்: "ஆள் கிடைச்சிட்டுது. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

பதினொரு வருசம் மலையில்லாத ஊரில் மலைச்சைக்கிள் கொடுத்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே கெட்ட பழக்கம், இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல எடுத்தாலும், எங்கே நிற்கிறாய், கை கால் அசைகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நன்றி சொல்வேன் என்பதுதான்.