ஏரி ஓரக் கழனிக்கு அடுப்புச் சாம்பல்

கல்யாணத்தின்போது அப்பா என் பெயருக்கு எழுதிவைத்தது, அடி அண்ணாமலையில் ஏரியை ஒட்டிய ஒரு காணி கழனி. கோரையும் சம்பம்புல்லும் மக்கி மக்கிக் கறுத்துப்போன மண். சேற்றில் முழங்கால் வரை உள்ளே போகும். கோடையில் பீடி நெருப்பு விழுந்தால் அடியிலேயே புகையும். நெல் தளதளவென்று வளரும், கதிர் வந்ததும் சாய்ந்து பதராகிவிடும். எழுபதுகளின் கடைசியில் பக்கத்துக் கழனிக்காரர் அதை விலைக்குக் கேட்டார். தள்ளிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஒரு போகம் பொறுக்கச் சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை. வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அடுப்புச் சாம்பலைக் கொட்டிய கழனி மூலையில் மட்டும் பயிர் நிமிர்ந்து நின்று மணி பிடித்திருந்தது. எல்லோரும் பார்த்ததுதான், யோசித்தது நான்.

மலை சுற்றும் பாதையில் இருந்த இட்லிக் கடைகளில் சாம்பல் கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் அடுப்புச் சாம்பலை வெளியே தரமாட்டார்கள். மற்ற நாட்களில் கூடை கூடையாகச் சுமந்து, மழை படாமல் சேர்த்தேன். நடவுக்கு முன் பாதியைச் சேற்றில் இறைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலுரம் போடும்போது அம்மோனியம் சல்பேட்டோடு மணல் கலந்து வீசுவது வழக்கம். மணல் எதற்கு, சாம்பல்தான் இருக்கிறதே என்று, மீதிச் சாம்பலைப் பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கலந்தேன். நெடி கண்ணைக் கரித்தது. நல்ல வீரியம் என்று எனக்குச் சந்தோஷம். கூட வேலை செய்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சத்தெல்லாம் நம்ம மூக்குலயே போவுதுக்கா" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

பத்து நாளில் பயிர் வெளுத்தது. அவள் சொன்னதுதான் சரி. சாம்பல் பட்டு உரம் காற்றோடு போய்விட்டது. வீட்டுக்காரரிடம் என் தப்பைச் சொல்லி இன்னொரு மூட்டை உரம் கேட்டேன். அவர் அன்றைக்கே வாங்கிவந்து திண்ணையில் இறக்கினார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. இந்த முறை மணலோடு வீசினேன். பயிர் தேறியது.

அறுவடை வரை ஒரு தாள் சாயவில்லை. களத்தில் தூற்றும்போது பதர் கொஞ்சம்தான் பறந்தது. பக்கத்துக் கழனிக்காரர் வந்து, போன தடவை மாதிரியே என் வீட்டுக்காரரிடம் விலை பேசினார். இவர் முறத்தைக் கீழே வைக்காமல், "அது அவ கழனிங்க. அவளையே கேளுங்க" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தரமாட்டேன் என்றேன்.